வாசகர் கேள்வி – பதில்: வழிப்பறி கொடுத்தவர் பாடிய ஊர்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயணத்தைப் பற்றியவை. பள்ளி விடுமுறை முடிந்த கையோடு அப்படித்தான் வரும். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

உறவுக்காரர்களோடு காசி, கயா, அலகாபாத் போய் வந்தேன். வந்ததும் அறுபது பக்கம் எழுதிவிட்டேன். என் மகள் படித்துவிட்டு, "டூர் ஏஜெண்ட் நோட்டீஸ் மாதிரி இருக்குதும்மா" என்கிறாள். பக்கங்களை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
— வாசகி, பெருந்துறை

உங்கள் மகளின் வாய் கொஞ்சம் துடுக்கு. ஆனால் சொன்னது சரி. கங்கை எங்கே பிறக்கிறது, ரயில் எத்தனை மணி நேரம் தாமதம், எந்த மடத்தில் இட்லி கிடைக்கும் எல்லாம் இருக்கிறது. உங்களைத்தான் காணோம். பதினேழாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரியில் தலை காட்டுகிறீர்கள்: "அண்ணியோடு பேச்சில்லாததால் நான் தனியாகப் படித்துறைக்குப் போனேன்." நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியிலேயே காசியில் எத்தனை படித்துறைகள் என்று கணக்கு சொல்லப் போய்விட்டீர்கள்! ஏனம்மா பேச்சில்லை? மணிகர்ணிகையில் சிதை எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தக் கோபம் தணிந்ததா, கூடியதா? ராத்திரி ஒரே அறையில்தானே படுத்திருப்பீர்கள்?

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய முன்மாதிரி உண்டு. சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் பெற்றுக்கொண்டு சுந்தரர் கொங்கு நாட்டு வழியாகத் திரும்புகிறார். திருமுருகன்பூண்டி அருகே வேடர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். வந்தவை சிவபெருமானின் பூதகணங்கள் என்கிறது பெரியபுராணம். அது இருக்கட்டும். பறிகொடுத்த மனிதர் நேரே கோவிலுக்குப் போய் ஒரு பதிகம் பாடுகிறார். ஏழாம் திருமுறையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அதில் ஊரின் பெருமையைத் தேட வேண்டியிருக்கும். முதலில் வருவது அடிஉதைதான்: "திடுகு மொட்டெனக் குத்திக் கூறைகொண்டு." மிரட்டி, குத்தி, உடுத்திய துணியைக்கூட உருவிக்கொள்கிறார்கள். வில்லைக் காட்டி வெருட்டுகிறார்கள், கல்லால் எறிகிறார்கள். அவர்கள் உடுத்தியிருந்தது கிழிந்த துணி, இடையில் கத்தி, தலை பரட்டை என்பதுவரை கவனித்திருக்கிறார். உதை வாங்கும்போது யாருக்கு இதெல்லாம் கண்ணில் படும்? அவருக்குப் பட்டது. பாட்டுக்குப் பாட்டு கடைசியில் சாமியைப் பார்த்து ஒரே கேள்வி: "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே?" இப்படிப்பட்ட ஊரில் அம்மையையும் வைத்துக்கொண்டு உமக்கு என்ன வேலை என்கிறார்.

பக்தியும் அதில் குறையவில்லை, அந்தக் காலத்து வழித்தடம் எப்படி இருந்தது என்ற தகவலும் குறையவில்லை. இரண்டும் அந்தக் கோபத்தின் வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன. இன்று அவிநாசியிலிருந்து அங்கே போனால் சாலையோரம் சிற்பக் கூடங்களும் உளிச் சத்தமும் கல் தூசியும்தான். வழிப்பறி பயம் இல்லை. இருந்தும் அந்தப் பதிகத்தைப் படித்தவர்கள் அந்த ஊரைச் சும்மா கடந்து போக முடியாது.

அண்ணியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். படித்துறைக் கணக்கு எங்கே தேவையோ அங்கே தானாக வரும். அண்ணி படித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அவர் பக்க நியாயத்தையும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் பயணக் கட்டுரை புகார் மனுவாகிவிடும்.

பல வருடம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தேன். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போகாத ஊரில்லை. ஆனால் தாஜ்மகாலைக்கூடப் பார்த்ததில்லைங்க. பார்த்ததெல்லாம் காடும் தோட்டமும் தாபாவும்தான். இதையும் பயணம் என்று எழுதலாமா?
— வாசகர், திருச்செங்கோடு

தாஜ்மகாலைப் பற்றி எழுத ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் பார்த்த இந்தியாவை எழுதத்தான் ஆளில்லை.

நாங்கள் மேலே பார்த்துக்கொண்டு போகிற நாட்டை நீங்கள் அடி அடியாகக் கீழே பார்த்திருக்கிறீர்கள். மாளவத்துக் கரிசல் மண் எத்தனை அடியில் முடிந்து கரும்பாறை தொடங்குகிறது, ராஜஸ்தான் மணலில் துளை இடியாமல் காக்கும் கேசிங் பைப் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, வெளியே வரும் புழுதியின் நிறம் எப்போது மாறும், மாறினால் டிரில்லர் என்ன செய்வார்? இதெல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கம், படிக்கிறவருக்குப் புதுசு. கம்ப்ரசர் ஓடும்போது பேச்சு கேட்காது என்பார்கள். அப்போது எந்தக் கைச்சாடைக்கு என்ன பொருள்? நம் பக்கத்து வண்டிகள் இத்தனை மாநிலங்களுக்குப் போகின்றன, ஊரில் பாதி வீடுகளில் அதைப் பற்றித்தான் பேச்சு. எழுத்தில் மட்டும் அந்த வண்டி இன்னும் சரியாக வந்து நிற்கவில்லை.

மொத்த வருடங்களையும் எழுத உட்காராதீர்கள், ஓடாது. ஒரு துளை, ஒரு ராத்திரி போதும். தண்ணீர் வராத துளையாக இருந்தால் இன்னும் நல்லது. தேங்காய் உடைத்து, ஊதுபத்தி கொளுத்தி, அடிக்கு இத்தனை ரூபாய் என்று பேசி ஆரம்பித்திருப்பீர்கள். நானூறு அடியில் அந்த விவசாயி இன்னும் நூறு போடலாமா என்று உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். ஒவ்வொரு அடியும் அவருக்குக் கடன், உங்கள் முதலாளிக்கு வரவு. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். அப்போது என்ன சொன்னீர்கள்? எந்த இந்தியில் சொன்னீர்கள்? சொல்ல நினைத்து விழுங்கியது என்ன? அந்த இடத்தை அவசரப்படாமல் எழுதுங்கள். அந்த மனிதர்மேல் பரிதாபம் வரவைக்க நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் என்ன செய்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. இப்போது ரிக்குகளில் சத்தீஸ்கர், ஒடிசாப் பையன்கள்தானே அதிகம். உங்களோடு ஹெல்பராக இருந்த பையனின் சொந்த ஊர்ப் பக்கம் வண்டி என்றைக்காவது போயிருக்கும். அவன் வீட்டுக்கு ஓர் எட்டு போய்வர விட்டீர்களா? விடாவிட்டால் அதையும் எழுத வேண்டும். கடினம்தான்.

கதையோட்டத்துக்காக இரண்டு நாளில் நடந்ததை ஒரே நாளில் நடந்ததாக எழுதலாமா? வழியில் பார்த்த இரண்டு பேரை ஒருவராக்கலாமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

நாட்களைச் சுருக்கலாம், தாண்டிப் போகலாம், பின்னிருந்து முன்னாகவும் சொல்லலாம். யாரும் உங்களிடம் டைரி கேட்கவில்லை. இரண்டு ஆட்களை ஒட்டிப் புது ஆளைச் செய்தால், அதற்குப் பெயர் சிறுகதை. தாராளமாக எழுதுங்கள், சிறுகதை என்றே போட்டு அனுப்புங்கள். பேச்சு விஷயத்திலும் அப்படித்தான். நன்றாக நினைவிருக்கிற பேச்சை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், மங்கலாக இருப்பதை "இப்படி ஏதோ சொன்னார்" என்று உங்கள் வாய்மொழியில் சொல்லுங்கள். டீக்கடைக்காரர் ஒன்றரைப் பக்கத்துக்குத் தத்துவம் பேசினால் நான் நம்புவதில்லை. அவருக்கு அடுப்பில் பால் இருக்கும்.

ஏ.கே. செட்டியாரின் பயண எழுத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொல்வதே அபூர்வம். 'நான்' வந்தால் நல்ல எழுத்து இல்லையா?
— வாசகர், கரூர்

பெருந்துறைக்காரருக்குச் சொன்ன பதிலை உடைக்கவே வந்த கேள்வி. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாகப் போய்ப் படச்சுருள் தேடி, 1940இல் படத்தை வெளியிட்டவர். வேறு யாராவது இத்தனை பாடுபட்டிருந்தால் அந்தப் பாட்டையே ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் ஒதுங்கி நின்றார். ஆனால் யாரோடு பேசினார், எதைக் கண்டு லேசாகச் சிரித்தார் என்பதிலெல்லாம் ஆள் தெரிகிறார். 'நான்' என்ற எழுத்துகளை எண்ணிப் பயனில்லை. அந்த இடத்தில் இந்த ஒருவர் நின்றதால்தான் இது நமக்குத் தெரியவந்தது என்று தோன்றினால் போதும். அவரைப் போல ஒதுங்கி நிற்க அவருடைய கண் வேண்டும். ஆரம்பத்தில் நமக்கு அது கைவராது.

கொங்குப் பேச்சிலேயே முழுக்க எழுதலாமா?
— வாசகி, தாராபுரம்

மற்றவர்கள் பேசும் இடத்தில் எழுதுங்கள். விவரிக்கும் இடத்தில் கை தானாகப் போனால் போகட்டும், இழுத்துக்கொண்டு வர வேண்டாம். வரிக்கு வரி 'ங்க' போட்டுவிட்டால் மட்டும் கொங்கு வந்துவிடாது. நம் ஆட்கள் புதியவரிடம் பேசும் முறையைக் கவனியுங்கள். முதலில் "வாங்கொ". அப்புறம் தண்ணீர்ச் சொம்பு. அப்புறம்தான் எந்த ஊர், யார் வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, என்ற விசாரணை, அதுவும் சுற்றி வளைத்து. வந்த காரியத்தைக் கடைசியில்தான் கேட்பார்கள். இந்த வரிசையைப் பிடித்துவிட்டால் எழுத்துத் தமிழில் சொன்னாலும் ஊர் தெரிந்துவிடும்.

தறியை விட்டால் பழனி, அதை விட்டால் மருத்துவமனை. இதுதான் என் உலகம். நான் எதைப் பயணம் என்று எழுத?
— வாசகி, சென்னிமலை

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில்தான் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1980களில் தொடங்கிப் பல தடவை தோண்டியிருக்கிறார்கள். பச்சைக்கல், சூதுபவளம் இவற்றில் மணி செய்த தடயங்கள் கிடைத்தன. கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் 'இராசகேசரிப் பெருவழி' என்று ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குப் போன பாதை அது. உங்கள் வாசலை ஒட்டியே வணிகர்கள் போய் வந்திருக்கிறார்கள். பேருந்தில் போய்ப் பொழுதோடு திரும்பிவிடலாம்.

அதுவும் முடியாவிட்டால் இட்டேரி இருக்கிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். கம்பிவேலியும் தார்ச்சாலையும் வந்தபின் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். தறிச் சத்தம் கேட்காத தூரம்வரை அதில் நடந்து, வழியில் யார் எதற்காக நிறுத்திப் பேசினார்கள் என்று எழுதுங்கள்.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, காங்கயம் பக்கம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு நடந்தே போவார். சந்தையைப் பற்றிக் கேட்டால் நாலு வார்த்தை, "கூட்டந்தான், வெலை ஒத்துவர்ல." வழியைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார். நொய்யலைத் தாண்டினதும் எந்தக் கிணற்றில் தண்ணீர் உப்பு, எந்தச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) மோர் ஊற்றினார்கள், எந்தச் சாளையில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், பவானி ஆற்றில் மாடு இறங்க மறுத்தபோது யார் கைகொடுத்தார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். பிற்பாடு மலைபடுகடாம் படித்தபோது அந்தக் குரல் பழகினதாகத்தான் இருந்தது. பரிசு பெற்ற கூத்தர் எதிரே வரும் கூத்தர்க்கு நன்னன் ஊருக்கு வழி சொல்லும் பாட்டு அது, 583 அடி. பன்றிக்கு வைத்த பொறி, பரணிலிருந்து பறந்துவரும் கவண்கல், வழுக்கும் பாறை, எங்கே நுழைந்தால் சோறு கிடைக்கும் என்று அடுத்து வருகிறவருக்குத் தேவையானதையெல்லாம் சொல்கிறார்கள். நீங்கள் மருத்துவமனைக்குப் போய்வந்த பயணத்தையே இப்படி எழுதலாம். எந்த வரிசையில் நிற்கக் கூடாது, எந்த மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று. எனக்கு முதலில் அனுப்புங்கள்.

எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பும் முன் கடைசியாக என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், பல்லடம்

முதல் இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்புங்கள். பெரும்பாலும் அதில் நீங்கள் இன்னும் பெட்டி கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள்.