குதிரைப் பட்டிக்கு மின்வேலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தாராபுரம் பக்கம் ஒரு ஏக்கர் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) இரண்டு மார்வாரிக் குதிரைகளை அவிழ்த்துவிடப் போகிறேன். கிளுவைச் செடி உயிர்வேலி ஆங்காங்கே ஓட்டையாகிவிட்டதால் உள்பக்கமாக மின்வேலி போட நினைக்கிறேன். மின் இணைப்பு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சோலாரில் ஓட்டலாமா? எத்தனை வாட் பேனல், என்ன பேட்டரி வேண்டும்?

பதில்: தாராளமாக ஓட்டலாம். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 255 மீட்டர். மூன்று வரிசைக்கு 765 மீட்டர். 1 ஜூல் வெளியீடு உள்ள எனர்ஜைசர் (வேலிக்கு மின் அடியை அனுப்பும் மெஷின்; அடியின் வலுவை ஜூலில் சொல்வார்கள்) இதற்குப் போதும். பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் ஜூல் சேமிப்புக் கணக்கா, வெளியீட்டுக் கணக்கா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். சேமிப்பு எண் எப்போதும் பெரிதாகவே இருக்கும். "இத்தனை கிலோமீட்டர் தாங்கும்" என்று போட்டிருப்பது புல் பூண்டு எதுவும் தொடாத ஒற்றைக் கம்பிக்கான கணக்கு.

பேட்டரிக் கணக்கை மெஷின் இழுக்கும் கரண்டிலிருந்து தொடங்குங்கள். இந்த அளவு மெஷின் 12 வோல்ட்டில் சராசரி 200 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம் (சரியான எண் மெஷின் குறிப்பேட்டில் இருக்கும்). 24 மணி நேரத்துக்கு 4.8 ஆம்பியர் அவர் (Ah, ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து நாள் தொடர்ந்து வெயில் வராவிட்டாலும் ஓட வேண்டும் என்றால் 24 ஆம்பியர் அவர் தேவை. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். அதனால் 12 வோல்ட், 50 ஆம்பியர் அவர் சோலார் டியூப்ளர் பேட்டரி வாங்குங்கள். பழைய கார் பேட்டரி வேண்டாம். அது வண்டியைக் கிளப்ப ஒரு நொடி வேகமாகக் கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது, மெதுவாக இறங்கி ஏறும் வேலையில் சீக்கிரம் செத்துப்போகும்.

பேனலுக்கு மழைக்காலக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் செலவு சுமார் 58 வாட் அவர். மப்பு நாளில் மூன்று மணி நேர முழு வெயிலுக்குச் சமமானதுதான் கிடைக்கும் என்றும், வழியில் முப்பது சதவீதம் வீணாகும் என்றும் எடுத்துக்கொண்டால் 28 வாட் வருகிறது. 40 வாட் பேனல் போட்டால், இறங்கிய பேட்டரி திரும்ப ஏறவும் இடம் இருக்கும். தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். பேட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் மண்ணில் பிரச்சினை வரப்போவது பேனலில் அல்ல, எர்த்தில். மெஷினிலிருந்து கிளம்பும் மின் அதிர்வு கம்பி, குதிரையின் உடம்பு, குளம்பு, மண், எர்த் ராடு வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் குதிரைக்கு அடி உறைக்கும். கொறங்காட்டுச் சரளை மண் சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது இந்தத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். மெஷின் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், குதிரை கம்பியில் சாய்ந்துகொண்டு நிற்கும். அப்போது பலரும் இன்னும் பெரிய மெஷின் வாங்குகிறார்கள். அது வீண் செலவு.

2 மீட்டர் நீளக் கால்வனைஸ்டு இரும்பு ராடு மூன்று, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி அடித்து, ஒரே கம்பியால் கால்வனைஸ்டு கிளாம்ப் போட்டு இணையுங்கள். இரும்பு ராடில் செம்புக் கம்பியைச் சுற்றக் கூடாது. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் மின்வேதி வினையால் இணைப்பு அரித்துப்போகும். பாறை தட்டி ராடு இறங்காவிட்டால் சாய்த்து அடிக்கலாம், அல்லது வாய்க்கால் வெட்டிப் படுக்கவைத்து மூடலாம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் ஈரமான இடம்தான் நல்ல இடம். அது மெஷினுக்குத் தொலைவில் இருந்தாலும் பரவாயில்லை, இன்சுலேட்டட் கம்பி இழுத்துக்கொள்ளலாம். வீட்டு எர்த்துக்கும் இதற்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி இருக்கட்டும், இரண்டையும் ஒருபோதும் இணைக்காதீர்கள்.

எர்த் போதுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மெஷினை நிறுத்திவிட்டு, 100 மீட்டர் தள்ளி வேலிக்கம்பியில் இரண்டு மூன்று இரும்புக் கம்பிகளைச் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். மெஷினைப் போட்டால் வேலி வோல்டேஜ் 2,000க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் கம்பி சாத்துங்கள். அந்த நிலையில் கடைசி எர்த் ராடுக்கும், ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய முனைக்கும் இடையே வேலி டெஸ்டரில் அளங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை, இன்னொரு ராடு சேருங்கள். கோடையிலேயே சோதியுங்கள்; மழைக்குப் பிறகு எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். அப்படியும் தேறாவிட்டால் நடுவரிசையை மெஷினின் எர்த் முனையோடு இணையுங்கள். மேல் கம்பியையும் நடுக்கம்பியையும் சேர்ந்தாற்போல் தொடும் குதிரைக்கு மண்ணின் உதவி இல்லாமலே அடி விழும்.

கம்பி விஷயத்தில் மாட்டுக்குப் போடும் மெல்லிய இரும்புக் கம்பி கூடாது. குதிரை மிரண்டு ஓடும்போது அது கண்ணில் படாது, தோலைக் கிழித்துவிடும். முள்கம்பியில் மின்சாரம் விடவே கூடாது. மெல்லிய உலோக இழைகள் பின்னிய 40 மில்லிமீட்டர் வெள்ளைப் பட்டை நாடா, அல்லது அதேபோல் பின்னிய 6 மில்லிமீட்டர் கயிறு (பாலிரோப்) போடுங்கள். தரையிலிருந்து 50, 90, 130 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று வரிசை.

கேள்வி: காலையில் 6,000 வோல்ட் காட்டும் வேலி, மழை பெய்ததும் 1,500க்கு இறங்கிவிடுகிறது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே போகிறது?

பதில்: குதிரைக்குக் குறைந்தது 3,000 வேண்டும். முதலில் வேலியை மெஷினிலிருந்து கழற்றி, மெஷின் முனையில் மட்டும் அளந்து பாருங்கள். அங்கே முழு வோல்டேஜ் இருந்தால் கசிவு வேலியில்தான். வேலியைப் பகுதி பகுதியாகப் பிரித்து அளங்கள். எந்தப் பகுதியைக் கழற்றினால் வோல்டேஜ் ஏறுகிறதோ அங்கே தேடுங்கள். இருட்டியதும் நடந்து பார்த்தால் கசியும் இடத்தில் பொறி தெரியும், டிக் சத்தமும் கேட்கும். நனைந்த புல் கீழ்வரிசையைத் தொடுவது, கல்கால் மேல் விரிசல் விட்ட இன்சுலேட்டர், இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். கேட்டுக்கு அடியில் வீட்டு வயரிங் கம்பியைப் புதைத்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்: அது 1,100 வோல்ட்டுக்குச் செய்தது, ஈரத்தில் உறை துளைபட்டு மண்ணில் கசியும். மின்வேலிக்கென்றே விற்கும் உயரழுத்தக் கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். நாடாவை முடிச்சுப் போட்டு இணைத்திருந்தால் அதை வெட்டிவிட்டு உலோக இணைப்பான் போடுங்கள்; முடிச்சுக்குள் மெல்லிய இழைகள் ஒன்றையொன்று சரியாகத் தொடுவதில்லை.

கேள்வி: வீட்டு லைனில் இடையே ஒரு பல்பு போட்டு வேலிக்குக் கொடுத்தால் ஆபத்தில்லை என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். 100 வாட் பல்பு 0.4 ஆம்பியருக்கு மேல் கரண்டை விட்டுவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் தொடர்ந்து ஓடினாலே இதயம் நிற்கலாம். எனர்ஜைசர் அனுப்புவது நொடிக்கு ஒருமுறை, அதுவும் நொடியில் மிகச் சிறு பகுதி நேரம் மட்டும். தொட்டவருக்குக் கையை விலக்க அவகாசம் கிடைக்கிறது. நேரடி லைன் தொட்டவரை விடாது. இப்படி வைத்த வேலிகளில் மனிதர்களும் யானைகளும் செத்திருக்கிறார்கள், வைத்தவர்மேல் வழக்கும் வரும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 302-2-76 குறித்த எனர்ஜைசரையே வாங்குங்கள். காப்புக்காட்டை ஒட்டிய நிலமென்றால் தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகள் பொருந்தும், வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: குதிரையை எப்படிப் பழக்குவது?

பதில்: பகல் வெளிச்சத்தில், ஓட இடம் இருக்கும்போது. வேலியோரமாகக் கைப்பிடியில் நடத்திக் காட்டிவிட்டு அவிழ்த்துவிடுங்கள், அது தானாக மூக்கால் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பிடித்துக்கொண்டு தொட வைத்தால் அடி உங்களால் விழுந்தது என்று நினைத்துக்கொள்ளும். முகக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள், வேலியில் மாட்டிக்கொண்டால் திரும்பத் திரும்ப அடி வாங்கும்.