முழுநேர வேலை பார்த்துக்கொண்டே தினமும் விடாமல் படிக்கும் ஒழுக்கம் எப்படி வரும்?

"வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு தேர்வுக்குப் படிக்கிறேன். பத்து நாள் நன்றாகப் போகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் அப்புறம் மூன்று வாரம் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. தினமும் படிக்கும் ஒழுக்கத்தை எப்படிக் கொண்டுவருவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பத்து நாள், மூன்று வாரக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் முழுநேர வேலை பார்த்தபடி ஆறு பேப்பர் கொண்ட ஒரு தொழில்முறைத் தேர்வை எழுதி முடித்தவள் நான். முதல் இரண்டு முயற்சியிலும் தேறவில்லை. பாடம் கடினம் என்று காரணம் சொல்ல முடியாது, ஏனென்றால் பாதிப் பாடத்தைத் திறந்தே பார்க்காமல்தான் தேர்வுக்குப் போனேன். அந்த இரண்டு வருடமும் எனக்கு மனஉறுதி போதவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை தப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நீங்களும் அதிலேயே இரண்டு வருடத்தைக் கழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்போது என் மாலைப்பொழுது இப்படித்தான் போகும். வேலை முடிந்து வந்து, வீட்டு வேலையும் முடிந்து, எட்டரை மணிக்கு மேசைக்கு வருவேன். உட்கார்ந்த பிறகுதான் இன்றைக்கு எதைப் படிக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவேன். காஸ்டிங், அதாவது உற்பத்திச் செலவைக் கணக்கிடும் பாடம், எடுக்கலாமா? அதற்குத் தெளிவான மனம் வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம். சட்டப் பாடம்? எங்கே விட்டேன் என்றே நினைவில்லை. சரி, ஒரு வீடியோ வகுப்பு பார்ப்போம். எந்த வீடியோ என்று தேடித் தேடி அரை மணி நேரம் ஓடிவிடும். ஒன்பதே காலுக்குப் புத்தகத்தை மூடும்போது என் மீதே கோபம் வரும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் நான் சோம்பேறியாக இருந்ததில்லை. முடிவெடுக்க முயன்றுகொண்டிருந்தேன். பகல் முழுவதும் அலுவலகத்தில் வேலை பார்த்துக் களைத்த மூளையிடம், நாளிலேயே மிக மோசமான நேரத்தில், ஒரு முடிவைக் கேட்டேன். அது மிகச் சுலபமான முடிவை எடுத்தது: இன்று வேண்டாம்.

இது புரிந்த பிறகு நான் செய்த மாற்றம் ஒன்றுதான், மற்றவையெல்லாம் அதைச் சுற்றி வந்தவை. படித்து முடித்து எழுந்திருக்கும் முன்பே, அடுத்த நாள் முதலில் செய்ய வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதிவிடுவேன். 'காஸ்டிங் படிக்க வேண்டும்' என்று எழுதினால் அது பயன்படாது. 'பக்கம் 212, நான்காவது கணக்கு, லேபர் வேரியன்ஸ் மட்டும், விடையைப் பார்க்காமல்' என்று எழுத வேண்டும். புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து, துண்டுத்தாளை மேலே வைத்து, பென்சிலையும் கால்குலேட்டரையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் எழுவேன். மறுநாள் உட்காரும்போது யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது. கை தானாகவே முதல் வரியைப் போட ஆரம்பித்துவிடும். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தோன்றுவது குறைவு. என்னை எப்போதும் தடுத்தது அந்தத் தொடக்கம் மட்டும்தான்.

உளவியலில் இதற்கு வலுவான ஆய்வுகள் இருக்கின்றன என்று பின்னால்தான் படித்தேன். பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். பண்டிகைக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு பாதிப் பேரிடம் மட்டும், எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் எழுதி அனுப்பினார்கள். குறித்துக்கொள்ளாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். எழுத வேண்டும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் இருந்தது. நேரத்தையும் இடத்தையும் முன்பே முடிவு செய்ததுதான் வித்தியாசம்.

மனஉறுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது தொட்டித் தண்ணீர் மாதிரி, பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் என்று 1998இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல வருடம் எல்லோரும் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதே விளைவு வருகிறதா என்று சோதித்தபோது, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தெரியவில்லை. எனக்கு அதைவிட உதவியது 2012இல் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர் ஜெர்மனியில் 205 பேரிடம் செய்த ஆய்வு. பகலில் அவ்வப்போது அவர்களிடம், 'இப்போது ஏதாவது ஆசை எழுகிறதா, அதை அடக்குகிறீர்களா' என்று கேட்டுக் குறித்துவந்தார்கள். சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு கடுமையாகப் போராடி ஜெயிப்பவர்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்களுக்குப் போராட வேண்டிய சந்தர்ப்பமே குறைவாகத்தான் வந்தது.

இதைப் படித்த அன்றே போனைப் பக்கத்து அறையில் சார்ஜில் போட ஆரம்பித்தேன். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கிக்கொண்டேன். போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு 'பார்க்க மாட்டேன்' என்று உறுதியாக இருப்பதும் ஒரு வேலைதான். அந்த வேலைக்குப் போகும் கவனம் படிப்பிலிருந்துதான் போகிறது.

எந்த நேரத்தில் படிப்பது என்பதைப் பெரிய விவாதமாக்க வேண்டாம். நான் காலை 5.30க்கு மாறினேன், அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. உங்களுக்கு அது மதிய இடைவேளையாக இருக்கலாம், வேலை முடிந்ததும் அலுவலகத்திலேயே உட்காரும் நாற்பது நிமிடமாகவும் இருக்கலாம். ஷிப்ட் மாறி மாறி வருகிறது என்றால் கடிகாரத்தை விட்டுவிட்டு, தினமும் எப்படியும் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டிவிடுங்கள்: வேலையிலிருந்து வந்து குளித்ததும் மேசை.

மாலையில்தான் முடியும் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். மேசையில் பாடப்புத்தகம் திறந்திருக்க, மனம் அலுவலக மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பது இதனால்தான். எனக்கு இதற்கும் துண்டுத்தாள்தான் கைகொடுத்தது. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எது எந்த நிலையில் நிற்கிறது, நாளைக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று எழுதிவிட்டு வருவேன். எழுதி வைத்ததை மனம் சுமக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் பதினோராவது நாளுக்கு வருவோம். கேள்வியில் என்னை மிகவும் பாதித்தது அதுதான்.

எனக்கு அது மாதக் கடைசி. கணக்கு முடிக்கும் வாரத்தில் வீட்டுக்கு வரவே இரவு பத்தாகிவிடும். முதல் நாள் விடும்போது 'நாளைக்கு இரண்டு மடங்கு படிக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வேன். நாளைக்கு முடியாது. அது மூன்று மடங்காகும். நான்காவது நாள் பாக்கி மலையாக நிற்கும், அதைப் பார்க்கவே பயந்து புத்தகத்தின் பக்கமே போகமாட்டேன். ஆக, விட்டுப்போன அந்த ஒரு நாளால் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அதை ஈடுகட்டியே தீருவேன் என்ற வீம்புதான் மூன்று வாரத்தைத் தின்றது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு வாராக்கடன் என்றால் என்னவென்று தெரியும்: வசூலாகாது என்று தெரிந்த பாக்கியை ஏட்டிலிருந்து தள்ளுபடி செய்துவிடுவோம், இல்லாவிட்டால் ஏடே பொய் சொல்லும். விட்டுப்போன நாளையும் அப்படியே தள்ளுபடி செய்துவிடுங்கள். மறுநாளுக்கு மறுநாளின் பாடம் மட்டும்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. தினமும் ஒரு சின்னப் பழக்கத்தைச் செய்யச் சொல்லி, அது எப்போது யோசிக்காமலே நடக்க ஆரம்பிக்கிறது என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேள்விப்பட்டு, 22ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் உடைபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இத்தனைக்கும் அவை மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது மாதிரியான சின்ன விஷயங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பது அதைவிடக் கடினம், கூடுதலாக நாள் எடுத்தால் கவலைப்படாதீர்கள்.

மாதக் கடைசிக்கென்று நான் ஒரு தனி அளவு வைத்துக்கொண்டேன்: பத்து நிமிடம். அதற்கு மேல் படிக்கக் கூடாது என்றே விதி. ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய பழைய கேள்வி அட்டைகள் பத்தை எடுத்து விடை சொல்லிப் பார்ப்பேன், துண்டுத்தாள் எழுதுவேன், தூங்கப் போவேன். பத்து நிமிடத்தில் என்ன பெரிதாகப் படித்துவிட முடியும் என்று கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கணக்கு முடிந்த மறுநாள் காலையில் மேசைக்குத் திரும்புவது இயல்பாக நடந்தது. பழைய பயம் வரவில்லை.

கேள்வி அட்டை என்றேன். படிக்கும் முறை தனி விஷயம், ஒழுக்கத்தோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது. முதல் இரண்டு முயற்சியில் நான் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து மார்க்கரால் கோடு போட்டேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. இவ்வளவு படித்தும் வரவில்லையே என்ற அந்த ஏமாற்றம் அடுத்த வாரம் புத்தகத்தைத் தொடவிடாது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைத்தான் காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம் என்றால், இருபத்தைந்து நிமிடம் வாசித்துவிட்டு மீதியில் மூடி வைத்து எழுதிப் பாருங்கள். சிரமமாக இருக்கும், தப்பாகவும் வரும். ஆனால் இரண்டு வாரத்தில், முன்பு தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். மறுநாள் என்னை மேசைக்கு இழுத்து வந்தது அந்த மகிழ்ச்சிதான்.

தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். இரண்டாவது முயற்சியின் கடைசி இரண்டு மாதம் நான் நாலரை மணி நேரம்தான் தூங்கினேன். ஒரே பில்லை இரண்டு முறை பதிவு செய்துவிட்டு, அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாளைச் செலவழித்தேன். படித்ததும் தங்கவில்லை. படித்த பின் விழித்திருப்பதைவிடத் தூங்கினால் மறதி குறைகிறது என்று ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற உளவியலாளர்கள் 1924லேயே எழுதியிருக்கிறார்கள். காலை 5.30க்குப் படிக்க வேண்டும் என்றால் இரவு பத்துக்குப் படுத்தாக வேண்டும். இந்தத் திட்டத்தில் உண்மையிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.

வீட்டில் பேசுங்கள். நான் முதலில் பேசவில்லை, என் நேரத்தை மற்றவர்களே புரிந்துகொண்டு விட்டுத்தர வேண்டும் என்று எதிர்பார்த்து மனதுக்குள் குமைந்தேன். பிறகு என் கணவரிடம், தேர்வு எந்த மாதம், அதுவரை எனக்கு எந்த நேரம் வேண்டும், பதிலுக்கு ஞாயிறு மதியம் முழுக்கப் புத்தகம் இல்லாமல் இருப்பேன் என்று தெளிவாகச் சொன்னேன். முடிவுத் தேதி தெரிந்தால் கூட இருப்பவர்களுக்கும் பொறுத்துக்கொள்வது எளிது.

இவ்வளவுக்குப் பிறகும், உடம்பு சரியில்லாமலோ, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தோ, வேலையே பன்னிரண்டு மணி நேரத்துக்கு நீண்டோ, எந்த முறையும் செல்லாத மாதங்கள் வரலாம். அப்போது ஒழுக்கத்தைக் குறை சொல்லாமல் திட்டத்தின் அளவைக் குறையுங்கள். மூன்றாவது முயற்சியில் ஆறு பேப்பரையும் சேர்த்து எழுதுவதாகத்தான் இருந்தேன். நடுவில் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை வந்தது. மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றை அடுத்த முறைக்குத் தள்ளினேன். மருத்துவமனையில் அம்மா தூங்கும்போது பத்து அட்டைகளோடு உட்கார்ந்திருப்பேன். அந்த மூன்றிலும் தேறினேன், மீதி மூன்றை அடுத்த முறை எழுதி முடித்தேன்.