கடலையில் திக்கா நோய்: பூஞ்சை ஒன்றா, இரண்டா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் மானாவாரிக் கடலையில் வரும் திக்கா இலைப்புள்ளிக்குப் பழைய பாடநூலில் ஒரு பெயர், புதிய கட்டுரையில் வேறு பெயர். எது சரி? எப்படி அடையாளம் காண்பது?

பூஞ்சைகள் இரண்டு. முன்பருவப் புள்ளிக்குக் காரணம் பாசலோரா அராக்கிடிகோலா. பழைய பெயர் செர்கோஸ்போரா அராக்கிடிகோலா. பின்பருவப் புள்ளிக்கு நோத்தோபாசலோரா பெர்சொனேட்டா; பழைய நூல்களில் செர்கோஸ்போரிடியம் பெர்சொனேட்டம். இவை பாலின முறையில் இனப்பெருக்கம் செய்யும் நிலைக்கு மைக்கோஸ்பெரெல்லா என்று தனிப்பெயரும் இருந்தது. ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று 2011 மெல்போர்ன் தாவரவியல் மாநாட்டில் முடிவானது. 2017-இல் மரபணு வரிசையை ஒப்பிட்டு நோத்தோபாசலோராவைத் தனிப் பேரினமாக்கினார்கள். நோயின் உயிரியல் பற்றிய நல்ல தகவல் பெரும்பாலும் பழைய பெயரில்தான் கிடக்கிறது; தேடும்போது இரண்டையும் போடுங்கள்.

அடையாளத்துக்கு மஞ்சள் வளையத்தை நம்பாதீர்கள். ரகத்துக்கும் வானிலைக்கும் தக்கபடி அது மாறும். விதைத்து எத்தனை நாள் என்ற கணக்கும் போதாது, ஒரே செடியில் இரண்டும் இருக்கும். இலையைத் திருப்பி 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அடிப்பக்கம் புள்ளி கன்னங்கரேலென்று, பூஞ்சை வித்துத் (ஸ்போர்) திட்டுகள் வட்டம் வட்டமாகச் சொரசொரப்பாகத் தெரிந்தால் பின்பருவம். முன்பருவத்தில் வித்துகள் பெரும்பாலும் மேல்பக்கம், புள்ளி பழுப்பு.

லென்ஸில் ஒன்றும் தெரியாவிட்டால், ஈர டிஷ்யூ விரித்த டப்பாவில் இலையை ஒரு நாள் மூடி வையுங்கள். இலை தண்ணீரில் ஊறக்கூடாது. ஊறினாலோ கூடுதல் நாள் விட்டாலோ, செத்த திசுவில் வளரும் ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் என்ற வேறு பூஞ்சைகள் மேலே படர்ந்து, அவற்றையே நோய்க்காரணி என்று எழுதிவிடுவோம். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். பிறகு ஒளிபுகும் செல்லோடேப்பைப் புள்ளிமேல் லேசாக ஒற்றி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்மேல் ஒட்டி 400 மடங்கில் பாருங்கள். முன்பருவ வித்து மெலிந்து நீண்டு வளைந்திருக்கும், குறுக்குச்சுவர் 12 வரை. பின்பருவ வித்து தடித்துக் குட்டையாக உருளை வடிவில், பெரும்பாலும் 3 அல்லது 4 சுவர். மைக்ராஸ்கோப்புக்கு செட்டிநாடு வேளாண் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

வயலில் இரண்டுக்கும் வழி ஒன்றே. தானாய் முளைத்த கடலையைப் பிடுங்குங்கள், இலைச்சருகை ஆழ உழுது புதையுங்கள், அடுத்த பட்டம் கம்போ வரகோ போடுங்கள். புள்ளி தெரிந்ததும் மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து அடியுங்கள். அது தொடு மருந்து, பட்ட இடத்தில் மட்டுமே காக்கும். அடியிலையும் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். கார்பன்டாசிம் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லியை மட்டுமே திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குச் சாகாத பூஞ்சை வகை வயலில் பெருகிவிடும்.