ஆச்சியின் காதும் உங்கள் முகமும்

அன்புள்ள அக்கா,
எனக்கு வயது 56. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். கன்னம், தாடை எல்லாம் தொங்கிவிட்டது. திருவனந்தபுரத்தில் போய் ஃபேஸ்லிஃப்ட் செய்யலாமா என்று யோசனை. வீட்டில் சொல்லவில்லை. பிரஷர் உண்டு, தினமும் ஆஸ்பிரின் போடுகிறேன். அதைச் சொன்னால் டாக்டர் மறுத்துவிடுவாரோ என்று பயம். இந்த வயதில் இது தேவையா? முன்கூட்டியே என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?
– வாசகி, தக்கலை

அன்புள்ள தங்கச்சி,

தேவையா என்று என்னிடம் கேட்டால்? முகம் உங்களுடையது. செலவு எனக்குத் தெரியாது. செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள், போதும்.

காதில் கனமான பாம்படம் தொங்கவிட்ட கிழவிகளின் படத்தைப் போட்டு ‘அந்த அழகு போச்சே’ என்று உருகுகிறவர்களோடு போன வாரம்தான் சண்டை போட்டேன், பின்னாலேயே உங்கள் கடிதம். குமரி மாவட்டத்தில் அதற்காகவே காதுத் துளையை இழுத்து வளர்த்த எத்தனையோ பெண்கள் பிற்பாடு தொங்கும் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வெட்கப்பட்டு வற்புறுத்தியதும் உண்டுதான். எங்கள் ஆச்சி தானாகவே கேட்டாள். தையல் பிரித்ததும் சின்னக் கம்மலைப் போட்டுக்கொண்டு நாகர்கோவில் வடசேரி சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், ஒரு காய்கூட வாங்காமல். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தவள் நான், முதுமையே அழகு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் ஆச்சி ஒளிக்கவில்லை. தெருவுக்கே சொன்னாள். வெற்றிலையோடு புகையிலை போடுவதை டாக்டர் கேட்கும் முன்பே சொன்னாள். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், வெட்டிய தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் அது கருகிப்போகும். நீங்கள் என்னடாவென்றால் ஆஸ்பிரினை மறைக்கப் பார்க்கிறீர்கள், அறிவிருக்கிறதா? காதின் முன்னும் பின்னும் கீறி, கன்னத்துத் தோலைக் கிளப்பி, அடியிலிருக்கும் படலத்தை இழுத்துத் தைக்கிற ஆபரேஷன் இது. அந்தத் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்வதுதான் இதில் அதிகம் வரும் சிக்கல், அதுவும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். பிரஷரும், ரத்தத்தைச் சீக்கிரம் உறையவிடாத ஆஸ்பிரினும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்குக் கொடுத்ததாக இருந்தால் அது வேறு வினை. எழுதிக் கொடுத்த டாக்டரும் ஆபரேஷன் செய்பவரும் பேசி முடிவெடுக்கட்டும். முட்டுவலி மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து, ஒன்று விடாமல் சொல்லுங்கள். மறுத்தால் மறுக்கட்டும்.

வீக்கமும் கன்றலும் இரண்டு மூன்று வாரம் இருக்கும், காது மடல் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம். கல்யாணத்துக்கு முந்தின மாதம் போய் நிற்காதீர்கள். நெற்றிச் சுருக்கம் இதில் போகாது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரி ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலி ஏறினால் டாக்டரை எழுப்ப யார் இருப்பார்கள்?