பின்லாந்துக் குளிர்காலத்தின் இருட்டில் வரும் மனச்சோர்வை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பின்லாந்தில் இது உங்களுக்கு முதல் குளிர்காலம். நவம்பரிலிருந்து எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் தீரவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று இருக்கிறது எனக் கேட்டிருக்கிறீர்கள். போவதா இருப்பதா என்ற முடிவை மட்டும் ஏப்ரல் வரை தள்ளிப் போடுங்கள். மற்றதற்கு இப்போதே செய்ய நிறைய இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தலைநகர் ஹெல்சின்கியை ஒட்டிய எஸ்போவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கும் வாரத்தில் எனக்கும் இது தொடங்கும். இப்போதும் தொடங்கத்தான் செய்கிறது, ஆனால் முன்போல ஆளைச் சாய்ப்பதில்லை.

வீட்டுக்குப் போன் செய்தால், "நல்ல வேலை, நல்ல சம்பளம், உனக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். பாசத்தில் கேட்பதுதான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு நமக்கே மனத்திடம் இல்லை போலிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். அப்படி நினைக்காதீர்கள். டிசம்பர் 21 வாக்கில் ஹெல்சின்கியில் பகல் 6 மணி நேரம்கூடக் கிடையாது. காலை 9:20க்கு மேல் உதிக்கும் சூரியன் மாலை 3:15க்குள் போய்விடும். அதே நாளில் சென்னையில் பகல் 11 மணி நேரத்தைத் தாண்டும். இங்கே உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 6, 7 டிகிரிக்கு மேல் ஏறாது, எதிர்க் கட்டடமே அதை மறைத்துவிடும். வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்பு இதற்குத் திணறுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இதைப் பருவகால மனச்சோர்வு என்று முதலில் முறையாக விவரித்த மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் வெயில் ஊர்க்காரர்தான். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர், குளிர்காலத்தில் தனக்கே தெம்பு குறைவதைக் கவனித்தார். 1984-இல் அவரும் சக ஆய்வாளர்களும் இந்த நோயையும் அதற்கான வெளிச்ச சிகிச்சையையும் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். சாதாரண மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் போய்விடும். இதில் பெரும்பாலும் நேர்மாறு. தூக்கம் கூடும், ரொட்டி, அரிசி, இனிப்பு என்று மாவுச்சத்தாகத் தேடும், எடை ஏறும், கைகால் ஈயம் கட்டியது போல இருக்கும். நீங்கள் சொல்லியிருப்பதில் பாதி இதுதான்.

இங்கே வரும் நம் ஆட்கள் எல்லோரும் சாயங்கால இருட்டைப் பற்றித்தான் புலம்புவோம். மூன்றரைக்கே இரவாகிவிடுகிறதே என்று. உண்மையில் நம்மை அதிகம் படுத்துவது காலை இருட்டு. கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்காக இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் அவற்றில் பட்டால்தான் மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் பகல் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும், இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனும் அடங்கும். விடியல் ஒன்பதரைக்கு என்றால் அந்தக் கடிகாரம் பின்தங்கிவிடுகிறது. நாம் எட்டு மணிக்கு மெட்ரோவில் நிற்போம், உடம்பு இன்னும் நடுராத்திரியில் இருக்கும். இந்தத் தாமதம்தான் பலருக்கு நோயின் வேர் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது.

அதனால் நான் முதலில் கை வைப்பது காலையில்தான். இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வெளிச்ச சிகிச்சை லாம்பு கிடைக்கும். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது கணக்கு, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம். வாங்கும்போது பெட்டியில் சின்ன எழுத்தில் எந்தத் தூரத்தில் 10,000 என்று போட்டிருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். கைக்கு அடக்கமான சில லாம்புகள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் அந்த அளவைத் தரும். அப்படி யாரும் அரை மணி நேரம் உட்கார மாட்டார்கள். இரண்டு சாண் தூரத்தில் வைத்தாலும் 10,000 தருகிற பெரிய லாம்பாக, புற ஊதாக் கதிர் வராததாகப் பார்த்து வாங்குங்கள். லாம்பை உற்றுப் பார்க்க வேண்டாம். சற்றுப் பக்கவாட்டில் வைத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி உங்கள் வேலையைப் பாருங்கள். சாயங்காலம் போட்டால் இரவுத் தூக்கம் கெடும்.

நான் ஏழரைக்குக் காபியோடு லாம்பு முன்னால் உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ கால் போடுவேன். அங்கே அப்போது மணி பதினொன்று, காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். "என்னடி, மூஞ்சியெல்லாம் இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்பாள். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. லாம்புக்காக உட்கார்வது என்றால் இரண்டே வாரத்தில் விட்டுப்போகும். அம்மாவுக்காக என்றால் விடாது. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் அந்த நேரத்தில் கோத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் கோளாறு, சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பு, இருமுனைக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் லாம்பைத் தொடாதீர்கள். இருமுனைக் கோளாறு உள்ளவர்களை இது மறுபக்கம், அதாவது அளவுக்கு மீறிய வேகத்துக்குத் தள்ளிவிடக்கூடும்.

அப்புறம் மதிய நடை. வானம் மூடிக் கிடந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் அலுவலக விளக்கைவிடப் பல மடங்கு. ஆபீஸ் மேசையில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். என் காலண்டரில் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை யாரும் மீட்டிங் வைக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். நவம்பர்தான் கொடுமை, பனி விழுந்திருக்காது, தரையும் கறுப்பு, வானமும் சாம்பல். பனி விழுந்த பிறகு அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்திலேயே ஊர் மாறிவிடும். வெளியே நடக்க முடியாத வார இறுதியில் ஹெல்சின்கியின் ஊடி நூலகத்தின் மேல்மாடிக்குப் போய்விடுவேன். சுற்றிலும் கண்ணாடி, வெள்ளைக் கூரை, ஓடி விளையாடும் பிள்ளைகள். இந்த ஊரில் எனக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது.

வைட்டமின் டி மாத்திரையைக் குளிர்காலத்தில் இங்கே பலரும் போடுகிறார்கள், பாலிலும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். மாநிறத்தோலுக்கு அது இன்னும் அவசியம், போடுங்கள். ஆனால் அது எலும்புக்கு. லாம்புக்குப் பதில் ஆகாது.

இதையெல்லாம் செய்தாலும் செய்யாவிட்டாலும், உங்கள் கம்பெனியின் தொழில்சார் மருத்துவச் சேவையில் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். தைராய்டு, இரும்புச்சத்து, பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் பி12 குறைவே இதே அசதியைத் தரும். தொடர்ந்து இரண்டு குளிர்காலமாவது வந்தால்தான் பருவகால மனச்சோர்வு என்று பெயர் வைப்பார்கள், அதற்காக முதல் வருடமே சிகிச்சை கேட்கக் கூடாது என்று இல்லை. மருந்தும் உண்டு, சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் குழு ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டு குளிர்காலம் கழித்து, சிபிடி எடுத்தவர்களுக்கு நோய் திரும்பியது லாம்பு எடுத்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. டாக்டரிடம் "கொஞ்சம் டயர்டா இருக்கு" என்று பூசி மெழுகாதீர்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், எத்தனை நாளாக யாரோடும் பேசவில்லை என்று அப்படியே சொல்லுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அந்த நேரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 112-ஐ அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம்.

தைப் பொங்கல் சமயத்தில் பகல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீண்டிருக்கும், பிப்ரவரியில் நல்ல வெயில் தலைகாட்டும். அப்போது பலரும் லாம்பைப் பரணில் போட்டுவிடுவார்கள், பத்து நாளில் மறுபடியும் படுத்துவிடுவார்கள். மார்ச் கடைசி வரைக்கும் விடாமல் போடுங்கள். அடுத்த வருடம் செப்டம்பர் கடைசியிலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, லாம்பைப் பரணிலிருந்து இறக்கி மேசையில் வைத்துவிடுங்கள்.