டைம்யோவும் அணுகுண்டும்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. "பிளஸ் டூ படிக்கிற பொண்ணு, ஒரு நாள் சாமுராய்ங்கிறா, மறுநாள் அணுகுண்டுங்கிறா. இதுல எதைப் படிச்சா வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். அவளோடு அரை மணி நேரம் பேசினேன். அவளைப் பிடித்திருப்பது சாமுராய் இல்லை, டைம்யோ. வாள் ஏந்தியவர்களை வைத்து நிலம் ஆண்ட பிரபுக்கள். நம் பாளையக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் பொருந்தாது, பாதகமில்லை.

இந்த இரண்டு ஆசைக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்கள். இருக்கிறது. 1635இல் டோக்குகாவா வம்சத்தின் மூன்றாம் ஷோகன், அதாவது ஜப்பானை ஆண்ட படைத்தலைவர், இயெமிட்சு ஒரு சட்டம் போட்டார். டைம்யோக்கள் ஓராண்டு சொந்த ஊரில், மறு ஆண்டு எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இருக்க வேண்டும். அவர்கள் ஊர் திரும்பினாலும் மனைவியும் வாரிசும் எடோவிலேயே. மரியாதையான பிணைக்கைதிகள்! பரிவாரத்தோடு போய்வருகிற செலவிலேயே கஜானாவும் கரைந்தது. பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் டைம்யோக்கள் ஒருவர்மேல் ஒருவர் படையெடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

2005இல் பொருளாதார நோபல் பெற்ற தாமஸ் ஷெல்லிங், அணு வல்லரசுகள் ஒன்றையொன்று தாக்கத் தயங்குவதை விளக்க எடுத்துக்கொண்டதும் பழைய பிணைக்கைதி வழக்கத்தைத்தான். இப்போது பிணையாக இருப்பது நகரத்து மக்கள்; தாக்கினால் பதிலடியில் சாகப்போவது அவர்கள். உங்கள் பெண் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. எடோவில் இருந்த மனைவிமாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், "இப்ப நாம எல்லாருமே அப்படித்தானே சார்?" என்றாள். எனக்கு அதுவே போதும்.

ஒரு இடத்தில் மட்டும் அவளைத் தடுத்தேன். ஜப்பான் துப்பாக்கியையே கைவிட்டது, உலகமும் அணுகுண்டைக் கைவிடும் என்றாள். அழகான கதை. ஆனால் டோக்குகாவா காலத்திலும் கோட்டை ஆயுதக் கிடங்குகளில் துப்பாக்கிகள் இருந்தன. காட்டுப்பன்றி விரட்டக் கிராமங்களிலும் இருந்தன. இதையெல்லாம் தானே சரிபார்க்க ஜப்பானிய மொழி வேண்டும். அதனால் மொழிதான் முதலில்.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஜப்பானிய மொழி இருக்கிறது; சியுஇடி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆயுதக்குறைப்பு படிக்க அங்கேயே மையம் உண்டு. பிறகு ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு முயலலாம். நாகசாகி பல்கலைக்கழகத்தில் அணு ஆயுத ஒழிப்புக்கென்றே 2012 முதல் ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.

சம்பளம் பற்றி மறைக்க மாட்டேன். அணுக் கொள்கை ஆய்வில் வேலைகள் குறைவு, பிஎச்.டி. முடிப்பதற்குள் முப்பது வயது நெருங்கிவிடும். ஆனால் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் (என்5 தொடக்க நிலை, என்1 உச்சம்) என்2 நிலை தாண்டிவிட்டால் மொழிபெயர்ப்பு வேலை சோறு போடும். ஒரகடம் பக்கம் ஜப்பானியக் கம்பெனிகளில் விசாரித்துப் பாருங்கள்.

டிசம்பரில் சென்னையிலேயே என்5 எழுதலாம். விண்ணப்பம் திறந்ததும் பணம் கட்டிவிடுங்கள். ஜப்பானிய மொழியின் அடிப்படையான ஹிரகானா எழுத்துகளை அவள் ஒரு மாதத்துக்குள் படித்து முடிக்கவில்லை என்றால் மறுபடி கூட்டி வாருங்கள், வேறு படிப்பு பேசலாம்.