குடிப்படை கேப்டனைத் தேடுவோருக்கு: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மருமகளின் முன்னோர் ஒருவர் அமெரிக்கப் புரட்சிப் போரில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் (மாவட்டத்தில்) கேப்டனாக இருந்தார் என்று அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கான்டினென்டல் படை, அதாவது அன்றைய மைய அரசின் முறையான ராணுவம், அதன் பட்டியல்களில் அவர் பெயர் இல்லையே?

பதில்: இல்லாததால் செய்தி பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஊர்க்காரர்களைக் கொண்டு மாநிலச் சட்டப்படி அமைந்த குடிப்படை, அதாவது மிலிஷியா, கான்டினென்டல் படையிலிருந்து வேறானது. பென்சில்வேனியாவில் 1777 மார்ச்சில் வந்த சட்டம் 18 முதல் 53 வயது வரையிலான வெள்ளையின ஆண்களின் பெயரைப் பதியச் செய்தது; கேப்டனின் கீழுள்ள படைப்பிரிவான ஒவ்வொரு கம்பெனியும் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, வகுப்பு வகுப்பாக இரண்டு மாதப் பணிக்கு அழைக்கப்பட்டது. கம்பெனி அதிகாரிகளை அந்தந்தப் பகுதியினரே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே, மாநிலத்தின் பழைய ஆவணங்களை அச்சிட்டுத் தொகுத்த பென்சில்வேனியா ஆர்க்கைவ்ஸ் தொகுதிகளின் ஐந்தாம், ஆறாம் வரிசைகளில் தேடத் தொடங்குங்கள். அங்கே பெயர் கிடைத்தாலும் அவர் களத்துக்குப் போனார் என்று அதை வைத்தே சொல்ல முடியாது. அதற்குச் சம்பளப் பட்டியலோ பணம் பெற்ற ரசீதோ வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால், டவுன்ஷிப் (கவுண்டியின் உட்பிரிவு) வரிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் எந்த ஊர் என்று பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கேப்டன் 1805-இல் இறந்துவிட்டார். அவர் பெயரில் ஓய்வூதியக் கோப்பு கிடைக்காதபோது வேறு எங்கே தேடுவது?

பதில்: அவருக்குக் கீழே பணிசெய்த சாதாரணப் படைவீரர்களின் கோப்புகளில் தேடுங்கள். 1818-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் கான்டினென்டல் பணி செய்த வறியவர்களுக்கானது. குடிப்படையினருக்கு வழி திறந்தது 1832 ஜூன் 7-ஆம் நாள் வந்த சட்டம்தான். அதற்குள் அதிகாரிகளில் பலர் காலமாகியிருந்தார்கள். போரின்போது இளைஞர்களாக இருந்தவர்களோ எழுபது, எண்பது வயதில் கவுண்டி நீதிமன்றத்துக்கு வந்து சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். அப்போது அவர்களிடம் ஏழு கேள்விகள் கேட்கப்பட்டன. எங்கே, எந்த ஆண்டு பிறந்தாய். வயதுக்குப் பதிவு உண்டா. அழைக்கப்பட்டபோது எங்கே குடியிருந்தாய். தானாக முன்வந்தாயா, கட்டாயத்தில் எடுக்கப்பட்டாயா, பிறருக்குப் பதிலாகப் போனாயா. உடன் இருந்த அதிகாரிகள் யார். பணியிலிருந்து விடுவித்த சீட்டு பெற்றாயா. உன்னை அறிந்த அக்கம்பக்கத்தார் யார். அதிகாரிகள் யார் என்பதற்கு அம்முதியவர்கள் சொன்ன விடையில்தான் உங்கள் கேப்டன் இன்றும் இருக்கிறார். ஓய்வூதியக் கோப்புகளின் பட்டியலோ மனுதாரர் பெயரில் அமைந்திருப்பதால், அதே டவுன்ஷிப்பைச் சேர்ந்தவர்களின் பெயர்களைத் திரட்டி, கோப்பு கோப்பாகப் படிக்க வேண்டியிருக்கும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் நான் எவருக்கும் முதலில் பரிந்துரைப்பது இதையே.

ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சொன்னவை என்பதால் ஆண்டுக் கணக்கு தவறக்கூடும். கிங்ஸ் மவுண்டன் சண்டை (1780 அக்டோபர் 7), கௌபென்ஸ் சண்டை (1781 ஜனவரி 17) போன்றவற்றைச் சாட்சி குறிப்பிட்டிருந்தால், அவற்றை ஆணியாக அடித்துக்கொண்டு மற்ற நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தலாம்.

கேப்டனின் மனைவி எப்போது இறந்தார் என்பதையும் பாருங்கள். கணவரின் கடைசிப் பணி முடிவதற்குள் மணமான கைம்பெண்களுக்கு 1836-ஆம் ஆண்டுச் சட்டமும், 1794-க்கு முன் மணமானவர்களுக்கு 1838-ஆம் ஆண்டுச் சட்டமும் ஓய்வூதியம் அளித்தன. திருமணத்தை மெய்ப்பிக்கக் குடும்ப பைபிளிலிருந்து தாளையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. மை மங்கிய அந்தத் தாளில் பிள்ளைகளின் பிறந்த நாள்கள் ஒவ்வொன்றாக வரிசையாக நிற்கும். வம்சாவளி தேடுபவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

கேள்வி: வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் மூலப் பட்டியல்கள் அனைத்தும் இருக்குமா?

பதில்: இருக்காது. 1800 நவம்பர் 8-இல் போர்த்துறை அலுவலகத்தில் பற்றிய தீ ஏராளமானவற்றை அழித்துவிட்டது. இன்று கிடைக்கும் பணிப்பதிவு அட்டைகள் பிற்காலத்தில் வேறிடங்களிலிருந்து திரட்டிய தாள்களைப் படித்து எழுதப்பட்டவை. அவற்றில் பெற்றோர், மனைவி பற்றிய குறிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: வர்ஜீனியாவில் உள்ள கல்லறைக் கல்லில் "கேப்டன்" என்று பொறித்திருப்பது போதுமான சான்றாகுமா?

பதில்: ஆகாது. போருக்குப் பிறகும் குடிப்படை தொடர்ந்தது. 1792-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அமைந்த கம்பெனிகளிலும் கேப்டன்கள் இருந்தார்கள். அந்தப் பட்டத்தோடு அவர் பெயர் முதன்முதலில் எந்த ஆவணத்தில், எந்த ஆண்டில் வருகிறது என்று பாருங்கள். வர்ஜீனியாவில் அதிகாரிகளைக் கவுண்டி நீதிமன்றமே ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. அவர்கள் உறுதிமொழி எடுத்த நாளும் நீதிமன்ற ஆணைப் புத்தகத்தில் எழுதப்பட்டது. அந்தப் பதிவு 1783-க்கு முன்னதாக இருந்தால் கல்லை நம்பலாம்.

கேள்வி: குடிப்படை அதிகாரிக்கு நிலமானியம் கிடைத்திருக்குமா?

பதில்: வர்ஜீனியா அளித்த நிலமானியத்துக்குக் கான்டினென்டல் படையிலோ மாநிலத்தின் முழுநேரப் படையிலோ மூன்றாண்டுப் பணி வேண்டும், சில மாதக் குடிப்படைப் பணி அதற்குப் போதாது. கூட்டாட்சி அரசின் 1855-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் 14 நாள் பணிக்கே 160 ஏக்கர் கொடுத்தது. கேப்டனின் கைம்பெண் அதுவரை உயிரோடிருந்தால் அந்த மனுவையும் தேடிப் பாருங்கள்.